பார்வதி டீச்சரின் ஓபல்

ஓபல் கைக்கு வந்ததும் விளக்கைப் போடாதீர்கள். அதற்கும் முன்னால், வாயைத் திறக்காதீர்கள்.

இதை அன்று உங்களிடம் சொல்ல மறந்துவிட்டேன். கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஓபலின் தரத்தை எப்படிப் பார்ப்பது, விலையை எப்படிச் சொல்வது என்று ஒரு மணி நேரம் பேசச் சொல்லி அன்வர் என்னை அழைத்திருந்தான். வந்து பேசினேன். கல்லின் அடிநிறம் கறுப்பா வெளுப்பா, உள்ளே ஓடும் நிறம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது, அதில் சிவப்பு உண்டா, திருப்பும்போது எந்தப் பக்கத்தில் நிறம் செத்துப்போகிறது, பக்கவாட்டில் ஒட்டுப்போட்ட கோடு தெரிகிறதா, மேலே நூல்போல விரிசல் இருக்கிறதா என்று எல்லாம் சொன்னேன். நீங்களும் போனில் குறித்துக்கொண்டீர்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான், எனக்கு இன்றைக்கும் பிடிபடாத ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்று உறைத்தது. பிடிபட்டதை மட்டும் சொல்லிவிட்டு வந்தால் நீங்கள் என்னைத் தவறாக நினைத்துக்கொள்வீர்கள். அதனால் எழுதுகிறேன். கேரளத்திலேயே படித்து வளர்ந்த உங்களில் சிலருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். நன்றாக வாசிப்பவர் ஒருவர் மற்றவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

மாணிக்கம் காலையிலும் மாணிக்கம்தான், மாலையிலும் மாணிக்கம்தான். ஓபல் அப்படியில்லை. நீங்கள் நகர்ந்தால் அதுவும் நகரும். மேசைக்கு இந்தப் பக்கம் நான் பார்த்த கல்லும் அந்தப் பக்கம் வாடிக்கையாளர் பார்த்த கல்லும் ஒன்றல்ல என்பதை நான் புரிந்துகொண்டதே ஒரு கல்யாணக் கம்மல் விஷயத்தில்தான்.

கல் பார்க்கும் மேசையில் நான் உட்கார்ந்த ஆரம்ப காலம். பள்ளுருத்தியிலிருந்து ஒரு பெண்மணி தன் மகளின் நிக்காஹுக்கு ஓபல் கம்மல் வேண்டும் என்று வந்தார். ஒரு தட்டு நிறையக் கற்களைப் பரப்பி, அரைநாள் உட்கார்ந்து இரண்டைப் பொறுக்கினேன். ஒரே அளவு, ஒரே பச்சை. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. எனக்கே பெருமையாக இருந்தது. நிக்காஹ் முடிந்த வாரம் அந்தப் பெண்மணி கம்மலை மேசைமேல் வைத்தார்.

"போட்டோவில பாருங்க. ஒரு காது பச்சை, ஒரு காது நீலம். எல்லாரும் சிரிச்சாங்க. இது ஜோடியாக்குமா?"

நான் கம்மலை எடுத்துப் பார்த்தேன். இரண்டும் பச்சை. "ஜோடிதானே உம்மா" என்றேன். அவர் எழுந்து என் கையைப் பிடித்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் என்னை உட்காரவைத்தார். அங்கிருந்து பார்த்தால் ஒன்று நீலமாக இருந்தது. நான் கல்லைத் தட்டில் படுக்கவைத்து மேலிருந்து பார்த்துப் பொறுக்கியிருந்தேன். காதில் தொங்கும் கல்லை யாரும் மேலிருந்து பார்ப்பதில்லை. வேறு கல் மாற்றிக் கொடுத்தோம். அதன்பிறகு ஓபலை எடுத்தால் நான் மேசையைச் சுற்றி வருவேன், நின்று பார்ப்பேன், கையை நீட்டித் தள்ளிவைத்துப் பார்ப்பேன். கடையில் எல்லோரும் கேலி செய்வார்கள். ஆனால் நான் சொன்னால் சொன்னதுதான் என்ற பெயரும் அப்படித்தான் வந்தது. அந்தப் பெயர்தான் பிற்பாடு என்னை மாட்டிவிட்டது.

பார்வதி டீச்சர் திருப்பூணித்துறையிலிருந்து வந்தவர். இளம் வயதில் கணவரோடு எத்தியோப்பியாவுக்குப் போய் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவர். அந்தக் காலத்தில் கேரளத்திலிருந்து நிறைய ஆசிரியர்கள் அப்படிப் போயிருக்கிறார்கள். கணவர் இப்போது இல்லை. கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் முன்னால் பிரித்தார். உள்ளே ஒரு ஓபல், சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது.

"என்கிட்டே படிச்ச பையன் கொடுத்தது. பையன்னு சொல்றேன், அவனுக்கே தலை நரைச்சாச்சு. ஏதோ வேலையா இங்கே வந்தவன் என்னைத் தேடிக் கண்டுபிடிச்சுட்டான். அவா ஊர்லேயே கிடைக்கற கல்லாம். ஊருக்குத் திரும்பறதுக்கு முன்னாடி ஒருநாள் ஆத்துக்குச் சாப்பிட வரேன்னிருக்கான். அன்னைக்கு இது மோதிரமா என் விரல்ல இருக்கணும்."

எத்தியோப்பியாவில் ஓபல் கிடைக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. நாங்கள் பார்த்ததெல்லாம் ஆஸ்திரேலியக் கல். அந்த மாணவர் எங்கேயோ வாங்கிவிட்டுத் தன் ஊர்க் கல் என்று பெருமைக்குச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு உங்கள் போனில் கேட்டால் அந்தக் கல்லின் குணம் முழுக்கச் சொல்லிவிடும். அன்று எங்கள் தெருவில் அதைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களே கிடையாது.

ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். இளநீர் வழுக்கைபோல வெளுத்த அடிநிறம். அதில் பச்சையும் ஆரஞ்சும் புள்ளி புள்ளியாக ஓடின. நல்ல கல். எடை பார்த்து, அளவு எடுத்து, நிறத்தையும் பொட்டலத்தின்மேல் எழுதி, பின்பக்கப் பட்டறையில் இருந்த குமரேசனிடம் கொடுத்தேன்.

கல் பதிக்கும் வேலை முழுக்கக் குமரேசனுடையது. கொச்சங்காடியில் வீடு. நான் சேர்ந்த கொஞ்ச நாளில் அவனும் கடையில் சேர்ந்தான். என்னைவிடச் சின்னவன். அக்கா முறை வைத்து என்னை இத்தா என்றுதான் கூப்பிடுவான். நான் பார்த்த கல்லை அவன் பதிப்பான், அவன் பதித்ததை நான் பார்த்து அனுப்புவேன். இத்தனை வருஷத்தில் எங்களுக்குள் ஒரு வாய்ச்சண்டைகூட வந்ததில்லை.

மறுநாள் எனக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன். இடது கண்ணுக்குச் சில வாரம் கழித்துத்தான் செய்வோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஓய்வு முடிந்து நான் கடைக்குத் திரும்பியது, ஊரெல்லாம் கடையடைத்துக் கிடந்த ஒரு ஹர்த்தாலுக்கு மறுநாள். அந்த நாட்களில் என் கண் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். புதுக் கண்ணால் பார்த்தால் வெள்ளைத் துணி நீலம் போட்டு அலசியதுபோலத் தெரியும். அதையே பழைய கண்ணால் பார்த்தால் சாயா சிந்திக் காய்ந்ததுபோலத் தெரியும். இரண்டையும் திறந்தால் எது உண்மை என்று தெரியாது. வீட்டில் சுவரை, வாளியை, என் கைவிரலைக்கூட ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் யாரிடமும் சொல்லவில்லை. கல் பார்க்கிறவளுக்கே நிறம் சந்தேகம் என்றால் அந்த நாற்காலி எதற்கு? இரண்டாவது ஆபரேஷன் வரை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்றிருந்தேன்.

உட்கார்ந்து சால்வையைக்கூட மடித்து வைக்கவில்லை. கடை முதலாளி அன்வர் வந்து ஒரு கல்லை என் தட்டில் வைத்தான். அவன் வாப்பா காலத்திலிருந்தே நான் கடையில் இருக்கிறேன், அதனால் அவனுக்கும் நான் இத்தாதான்.

"இத்தா, இது என்ன கல்லுன்னு ஒண்ணு பாருங்க."

எடுத்துப் பார்த்தேன். தண்ணீர்த் துளிபோலத் தெளிவாக இருந்தது. உள்ளே ஒரு நிறமும் இல்லை. அடியில் வைத்த விரலின் ரேகை அதன் வழியே தெரிந்தது.

"கண்ணாடி மாதிரியல்லவா இருக்கு" என்றேன்.

அன்வர் பட்டறைப் பக்கம் திரும்பிக் கத்தினான். "கேட்டதல்லே? இத்தா வாயாலேயே வந்தாச்சு!"

குமரேசன் வாசலில் வந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது. அப்போதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்வர் சொன்னான்: "பார்வதி டீச்சரோட ஓபலாக்கும் இது. அதாவது, அதுதான் இதுன்னு இவன் சொல்றான்."

இவன் என்றான். அதுவரை அன்வர் அவனை அண்ணன் முறை வைத்துச் சேட்டா என்று தவிர வேறு மாதிரி கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. அதுவும் மாதிரி என்றுதான் சொன்னேன். ஆனால் அது இப்போது தீர்ப்பாகிவிட்டது. பதறிப்போய்த் தராசை இழுத்தேன். பொட்டலத்தில் எழுதியிருந்ததைவிடக் கல் எடை கூடியிருந்தது. அளவெடுத்தேன். நீளம், அகலம், உயரம் எல்லாம் அப்படியே இருந்தன. அளவு மாறாமல் எடை கூடினால் என்ன அர்த்தம்? ஓபலைவிடக் கண்ணாடி கனம். நல்ல கல்லை எடுத்துவிட்டு அதே அளவில் கண்ணாடி வெட்டி வைத்தால் இப்படித்தான் இருக்கும். நான் படித்ததெல்லாம், பழகியதெல்லாம் அதையேதான் சொன்னது.

ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், மறு கண்ணை மூடிப் பார்த்தேன். ஒன்றில் நீலத் தண்ணீர், ஒன்றில் மஞ்சள் தண்ணீர். ஓபல் எதிலும் இல்லை.

அன்வர் குமரேசனைக் கேட்டுக்கொண்டேயிருந்தான். "பட்டறைக்கு யார் வந்தது? லாக்கர் சாவி உன்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. மூணாவது ஒரு ஆள் தொட முடியாதல்லே? யாருக்குக் கொடுத்தே?"

"யாருக்கும் கொடுத்தில்ல முதலாளி. இது அதே கல்லாக்கும்."

"அப்போ நிறம் எங்க போச்சு?"

"அறியில்ல."

லாக்கர் என்ற வார்த்தை வந்தபோது குமரேசனின் பார்வை தரைக்குப் போனதை நான் பார்த்தேன். பல வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவனின் முகம் எனக்குத் தெரியும். அவன் எதையோ மறைக்கிறான். அது என்ன என்றுதான் தெரியவில்லை. அவன் எடுத்திருப்பானா என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது. தோன்றவேயில்லை என்று உங்களிடம் சொன்னால் அது பொய்.

அன்வர் என் முன்னால் ஒரு தாளை வைத்தான். "டீச்சர் தந்த கல்லு இது இல்லன்னு ஒரு வரி எழுதித் தாங்க இத்தா. நான் ஸ்டேஷனுக்குப் போறேன். நாளைக்கு டீச்சர் கேட்டா நாம என்ன சொல்லுவோம்? கடையில ஆரும் கல்லு கொண்டு வருவாங்களா இனி?"

அவன் சொன்னதிலும் தப்பில்லை. அவன் வாப்பா நாற்பது வருஷம் கட்டிக் காத்த பெயர் அது.

குமரேசன் மேசைக்கு அருகில் வந்தான். அன்வரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"இத்தா, நீங்க சொல்லுங்க. நான் எடுத்தேனா?"

அவனைப் பார்த்தேன், கல்லைப் பார்த்தேன், தராசைப் பார்த்தேன். "எனக்குத் தெரியல குமரேசா" என்றேன்.

அன்வர் கத்தியபோதெல்லாம் நிமிர்ந்து நின்றவன் அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"தெரியலன்னா?" என்றான் அன்வர். "உங்களுக்கா தெரியல?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. என் கண் விஷயத்தைச் சொன்னேன். ஒரு கண் ஒரு நிறம் காட்டுகிறது, மறு கண் வேறு நிறம் காட்டுகிறது, இந்த நிலையில் எந்தக் கல்லையும் இது அதுதான் என்றோ அதுவல்ல என்றோ என்னால் எழுதித் தர முடியாது என்றேன். தாளைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினேன். அன்வர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். இத்தனை நாளாக என்னை நம்பி எத்தனை கல்லை விற்றோம் என்று அவன் மனதில் ஓடியிருக்கும். என் மனதிலும் அதுதான் ஓடியது.

"அப்போ டீச்சரைக் கூப்பிடுவோம்" என்றான் கடைசியில்.

டீச்சர் பஸ் மாறி வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது. அதுவரை குமரேசன் அந்த ஸ்டூலைவிட்டு எழவில்லை. சாப்பிடவும் போகவில்லை. போ என்று யாரும் சொல்லவுமில்லை.

கல்லைப் பார்த்ததும் டீச்சரின் முகம் மாறிவிட்டது. "என்னாக்கும் இது? என்னோட கல்லு எங்கே?"

அன்வர் தடுமாறித் தடுமாறி விஷயத்தைச் சொன்னான். டீச்சர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். காகிதத்தை விரித்துக் கல்லை அதில் வைத்து, தடவிக்கொண்டே பேசினார்.

"அவனுக்கு நான் என்ன பதில் சொல்றது? எப்படிப் பொத்திப் பொத்தி வெச்சிருந்தேன். கொடுக்கறச்சேயே சொன்னான், மோதிரமாப் போட்டுண்டா குளிக்கறச்சே கழட்டி வெச்சுடுங்கோ, நனைக்கப்படாதுன்னு. கை அலம்பற எடத்துக்குக்கூட நான் கொண்டுபோனதில்லை."

ஸ்டூல் பின்னால் சரிந்து விழுந்தது. குமரேசன் எழுந்து நின்றிருந்தான்.

"நனைச்சா என்ன ஆகும்னு சொன்னாரா டீச்சர்?"

"அதெல்லாம் நான் கேக்கலை. ஏன்?"

அவன் என்னைப் பார்த்துச் சொன்னான். "இத்தா, நான் அதை வெள்ளத்தில இட்டு வெச்சேன்."

மெழுகில் ஒட்டி அளவு பார்த்த கல்லைச் சுத்தம் செய்ய சோப்புத் தண்ணீரில் போட்டிருக்கிறான். எல்லாக் கல்லுக்கும் அப்படித்தான் செய்வோம். அதற்குள் ஹர்த்தால் என்று செய்தி வந்தது, கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கிளம்பிவிட்டான். கல் லாக்கருக்குப் போகவேயில்லை. ஹர்த்தால் நாள் முழுக்கப் பட்டறை மேசையில், கிண்ணத்துத் தண்ணீரில் கிடந்திருக்கிறது. காலையில் எடுத்தபோதே அதில் நிறம் இல்லை, அதற்குள் அன்வரும் பார்த்துவிட்டான். வாடிக்கையாளர் கல்லை லாக்கரில் வைக்காமல் போவது எங்கள் கடையில் பெரிய குற்றம். அதைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்திருக்கிறான்.

"பேடிச்சுப் போனேன் முதலாளி. அதுதான் சொல்லல."

"இப்போ புதுக் கதையா?" என்றான் அன்வர். "வெள்ளத்தில போட்டா கல்லு கண்ணாடி ஆகுமா? இத்தா, நீங்க எங்கேயாவது கேட்டிருக்கீங்களா?"

நான் கேட்டதில்லை. ஆஸ்திரேலியக் கல்லை எத்தனையோ தடவை கழுவியிருக்கிறோம், ஒன்றும் ஆனதில்லை. ஆனால் தண்ணீர் குடித்தால் எடை கூடும் என்பது மட்டும் என் குழம்பிய புத்தியில் எங்கேயோ தட்டியது. கல் தண்ணீர் குடிக்குமா? எனக்குத் தெரியவில்லை. தெரியாததை வைத்து ஒருவனை ஸ்டேஷனுக்கு அனுப்பவும் முடியாது, வீட்டுக்கு அனுப்பவும் முடியாது.

"கொஞ்ச நாள் காய விடுவோம்" என்றேன். "எல்லாரும் பார்க்கிற இடத்தில, முன்னால இருக்கிற கண்ணாடிப் பெட்டியில வைப்போம். பூட்டி, சாவியை டீச்சர் கொண்டு போகட்டும்."

டீச்சர் யோசித்தார். பிறகு அன்வரைப் பார்த்து, "கல்லு என்னோடது. நான் காத்துண்டிருக்கேன். அதுவரைக்கும் போலீஸ் கீலீஸ்னு போகப்படாது" என்றார். சாவியை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். அன்வருக்கு வேறு வழியில்லை. ஆனால் கல் விஷயம் தீரும்வரை பட்டறைக்குள் வரவேண்டாம் என்று குமரேசனிடம் சொல்லிவிட்டான்.

குமரேசன் வீட்டில் இருக்கவில்லை. மறுநாள் காலையில் கடையைத் திறக்கும்போது எதிரே சாயாக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து பார்த்தால் எங்கள் கண்ணாடிப் பெட்டி தெரியும், உள்ளே இருக்கும் கல் தெரியாது. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கிவந்த வெள்ளைக்காரர்கள் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றால் எழுந்து நிற்பான், அவர்கள் நகர்ந்ததும் உட்காருவான். தெருவில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

கல் சரியாவதற்குப் பதிலாக இன்னும் மோசமானது. தண்ணீர்போல இருந்தது சுண்ணாம்புபோல வெளுத்துவிட்டது. நிறம் வரவில்லை என்பதோடு, இருந்த தெளிவும் போய்விட்டது. அன்வர் வந்து பார்த்து, "மாவு உருண்டை மாதிரி ஆச்சே இத்தா" என்று தலையில் கைவைத்தான்.

ஆனால் எனக்கு அப்போது ஒன்று தெளிவானது. "கண்ணாடி வெளுக்காது அன்வர். இது வேற என்னவா இருந்தாலும் சரி, கண்ணாடி இல்ல."

"அப்போ டீச்சர் கல்லுதானா?"

"அது தெரியல."

"தெரியல, தெரியல! வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனான். நான் தெருவுக்கு வந்து, குமரேசனைப் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டேன். அது கண்ணாடியில்லை என்றாவது அவனுக்குத் தெரியட்டும் என்று. அவன் வரவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

அதற்கடுத்த நாட்களில் நான் வேறு வேலை எதுவும் உருப்படியாகச் செய்யவில்லை. பெட்டியின் இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன், அந்தப் பக்கம் போய்ப் பார்ப்பேன், வலது கண்ணால் பார்ப்பேன், இடது கண்ணால் பார்ப்பேன். ஒரு காலையில் கல்லின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்குப் பச்சை தெரிந்தது. அது கல்லிலா, என் கண்ணிலா? கடையில் நின்ற ஒரு வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஓரத்தில பச்சை தெரியுதே" என்றார் அவர். அன்வரைக் கூப்பிட்டேன். அவனும் பார்த்தான். சாயங்காலத்துக்குள் வெளுப்பு ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே ஒதுங்கியது. மறுநாள் முழுக் கல்லும் திரும்பி வந்துவிட்டது. பச்சை, ஆரஞ்சு எல்லாம்.

டீச்சர் சாவியோடு வந்தார். எடை பார்த்தோம். பொட்டலத்தில் எழுதிய எடை அப்படியே இருந்தது. அன்வர் இறங்கித் தெருவைக் கடந்து சாயாக் கடைக்குப் போனான். "சேட்டா, உள்ள வாங்க" என்று அவன் சொன்னது எங்களுக்குக் கேட்டது. குமரேசன் உடனே எழவில்லை. சாயாவை முழுக்கக் குடித்து முடித்துவிட்டு வந்தான்.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், எனக்கு மட்டும் இன்னொரு குழப்பம். புதுக் கண்ணால் பார்த்தால் கல்லில் ஊதாவும் ஓடியது. நல்ல அழுத்தமான ஊதா. பொட்டலத்தில் நான் பச்சை, ஆரஞ்சு என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். எடை சரி, அளவு சரி, ஆனால் நான் பார்த்த கல்லில் ஊதா இல்லை. மனசு கேட்காமல் டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

டீச்சர் சிரித்தார். "ஊதா முதல்லேர்ந்தே இருக்கே. நீங்க எழுதலை. ஊதாவையெல்லாம் விலைக்குச் சேர்த்துக்க மாட்டாளாக்கும்னு நெனைச்சேன்."

அதாவது, புரை விழுந்த கண்ணுக்கு ஊதா தெரியவேயில்லை. எத்தனை நாளாகத் தெரியவில்லை, எத்தனை கல்லில் ஊதாவைப் பார்க்காமலேயே விலை சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. யாரும் திரும்பி வந்து கேட்கவில்லை. இடது கண்ணையும் செய்துகொண்ட பிறகு, முன்பு எப்படிப் பார்த்தேன் என்று ஒப்பிட்டுப் பார்க்கக்கூட வழியில்லாமல் போய்விட்டது. உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணை டாக்டரிடம் காட்டுங்கள். ஓபலுக்கு நிறம் எழுதும்போது பக்கத்தில் இன்னொருவரையும் கூப்பிட்டுக் காட்டி, அவர் பார்த்ததையும் சேர்த்து எழுதுங்கள். கல்லைக் கொண்டுவந்தவர் பார்த்ததையும் கேளுங்கள். அவருக்குக் கல் தெரியாது என்று நினைக்காதீர்கள். எந்த ஊர்க் கல் என்று அவர் சொன்னால் அதையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குமரேசன் தண்ணீர் தொடாமல், காய்ந்த பிரஷ்ஷால் துடைத்து மோதிரத்தை முடித்தான். டீச்சர் வீட்டு விருந்துக்கு முந்தின நாள் அதை வாங்கிக்கொண்டு போனார். சாப்பிட வந்தவரிடம் நடந்ததைச் சொன்னாராம். "நனைச்சுட்டேளா டீச்சர்?" என்று கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் பாயசம் புரையேறிவிட்டதாம். போனில் சொல்லிச் சொல்லி டீச்சரும் சிரித்தார்.

எங்கள் கடையில் சிரிப்பு வர நாளாயிற்று. குமரேசன் வழக்கம்போல வேலைக்கு வந்தான். வழக்கம்போலக் கல்லை என்னிடம் காட்டினான். பேசுவது மட்டும் குறைந்துவிட்டது. ஒருநாள் நானே எதிர்க்கடையிலிருந்து இரண்டு சாயா வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கல்லு எதுன்னு உண்மையிலேயே எனக்குத் தெரியல குமரேசா. தெரிஞ்ச மாதிரி எழுதிக் கொடுத்திருந்தா நீ இப்போ எங்க இருந்திருப்பே?"

"அது சரி இத்தா. நீங்க எழுதாததால நான் ஸ்டேஷனுக்குப் போகல. அதை நான் மறக்கல." வேலையிலிருந்து கையை எடுக்காமல் சொன்னான். "ஆனா நான் கேட்டது கல்லைப் பத்தி இல்லையே. என்னைப் பத்தியல்லவா கேட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. "நீயும்தானே மறைச்சே? லாக்கர்னு சொன்னதும் தரையைப் பார்த்தியே, நான் என்ன நினைக்கிறது?"

"மறைச்சேன். இல்லன்னு சொல்லல." சாயாவை எடுத்து ஒரு வாய் குடித்தான். "யார் வந்தது, யாருக்குக் கொடுத்தேன்னு கேட்டாங்க. வெள்ளத்தில இட்டு வெச்சியான்னு கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன். அந்தக் கல்லுக்கு என்ன செஞ்சே குமரேசான்னு நீங்க ஒருதடவை கேட்டிருந்தாப் போதும். உங்ககிட்ட சொல்லியிருப்பேன் இத்தா."